பாட்டியின் நாற்காலிக்கு இடமுண்டா?

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் மின்தொடர் வண்டியில் ஏறினால், இருக்கையில் சரியாக அமர்வதற்குள்ளாகவே முதல் நிலையம் வந்துவிடும். அதுவே பேசின் பிரிட்ஜ். இங்கே தண்டவாளங்கள் பிரிகின்றன. ஒரு கிளை கொருக்குப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும், மற்றொன்று வியாசர்பாடி, பெரம்பூர் வழியாக அரக்கோணத்துக்கும், வேறொன்று வண்ணாரப்பேட்டை, இராயபுரம் வழியாகக் கடற்கரைக்கும் செல்லும். புனித இராயப்பரின் பெயரைத் தாங்கி நிற்கும் இராயபுரத்துக்கு நாம் பலமுறை இவ்வழியே சென்றதுண்டு. ஆயினும், பேசின் பிரிட்ஜில் இறங்கி நடந்தது அண்மையில்தான்.

பேசின் என்பது கால்வாய்ப் படகுகள் ஒதுங்கி நிற்பதற்கென அமைந்த நீர்நிலை. 1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்தியர் இங்கிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். 1877, 78-ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தில், பசித்தோருக்கு வேலையும் கூழும் கிடைக்கும்படி கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து மேலும் ஒரு பகுதி தோண்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் என இன்று நாம் அழைப்பது இதுவே. நெடுங்காலம் விறகும் உப்பும் தானியமும் இதன் வழியே படகுகளில் வந்தன. இன்று அந்நீரில் படகில்லை. கருமை மட்டுமே உண்டு. எனினும், மனிதர் தம் குடும்பத்தையும் சுமையையும் ஏற்றிச் செல்ல ஒரு வாகனம் தேடும் இடமாக அப்பகுதி இன்றும் இருக்கிறது. நாம் அங்குச் சென்றதும் அப்படிப்பட்ட தேடலுக்குத் துணையாகவே.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம். தந்தை துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். மனைவி, கல்லூரியிலும் பள்ளியிலும் பயிலும் இரு பிள்ளைகள், வயது முதிர்ந்த பெற்றோர் என ஆறு பேர். பாட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மும்முறை ஸ்டான்லி மருத்துவமனைக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். சக்கர நாற்காலி இன்றி நடமாட இயலாது. அவர்களிடம் 2012-ஆம் ஆண்டின் மாருதி ஆம்னி ஒன்று இருந்தது. ஆறு பேரும் நாற்காலியும் அதில் அடங்கவில்லை. ஆகவே, அதை விற்று, சேமிப்பையும் சேர்த்து, பழைய வண்டியாயினும் சற்றுப் பெரியதாக ஒன்று வாங்க முடிவு செய்தனர். "சாமி, நீங்களும் ஒருநாள் கூட வந்து பார்க்க வேண்டும்" என்று அழைத்தார் குடும்பத்தலைவர்.

புறப்படுமுன் அவரைப் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்த்தி ஒரு தாளைக் கொடுத்தோம். கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமையாகக் கூறினாரன்றோ? வண்டிக்கும் அதுவே முறை. எத்தனை பேர்? ஆறு. என்ன சுமை? மடக்கிய சக்கர நாற்காலி. மாதம் ஒருமுறை அரிசி மூட்டை. வேளாங்கண்ணிக்குச் செல்லும்போது ஆறு பேரின் பைகள். மாதத்தில் எவ்வளவு தூரம்? ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பெரும்பாலும் நெரிசலில் குறுகிய ஓட்டம். தாளில் இவ்வளவே இருந்தது. வண்டியின் நிறமோ பெயரோ அதில் இல்லை.

பாலத்தை அடுத்த ஒரு சாலையில் பழைய வண்டிகள் விற்கும் கொட்டகை இருந்தது. பங்கைச் சேர்ந்த மெக்கானிக் இளைஞர் ஒருவரும் உடன் வந்தார். மகனுடைய கண்கள் உடனே ஒரு பெரிய டீசல் வண்டியின் மேல் சென்றன. ஏழு பேர் அமரலாம், பார்வைக்குக் கம்பீரம். நாம் தாளை எடுத்தோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மாதம் 50 லிட்டர் வேண்டும். 15 கிலோமீட்டர் ஓடுவதற்கு 40 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய் மிச்சம். டீசல் வண்டி இதைவிடச் சிக்கனமாக ஓடலாம். ஆனால், அதன் கூடுதல் விலையும் பராமரிப்பும் ஈடாக வேண்டுமானால் ஓட்டம் மிகுதியாக இருக்க வேண்டும். மேலும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது தூய்மையாக நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் வேண்டும்; மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் மட்டுமே போய் வந்தால் அடைத்துக்கொள்ளும் என்றார் மெக்கானிக். மகன் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து, சி.என்.ஜி. எரிவாயுவில் ஓடும் ஒரு வண்டி. எரிபொருள் செலவு குறைவு, ஐயமில்லை. ஆனால் பின்கதவைத் திறந்தால் பாதி இடத்தைச் சிலிண்டர் பிடித்திருந்தது. நாற்காலியைக் கையோடு கொண்டு சென்றிருந்தோம். நேராக வைத்தோம், சாய்த்து வைத்தோம், கதவு மூடவில்லை. சிக்கனமும் இடவசதியும் எப்போதும் ஒன்றாகக் கிடைப்பதில்லை என்பதை அச்சிலிண்டர் உணர்த்தியது. இத்தகைய வண்டியை வாங்குவோர், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் அழுத்தச் சோதனை முடிந்துள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது வண்டி பளபளவென்று நின்றது. விலையும் வியக்கத்தக்க மலிவு. உள்ளே நறுமணம் வீசியது. மெக்கானிக் இளைஞர் பேசாமல் இருக்கைவாரை அதன் முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தார். கடைசிச் சாணில் காய்ந்த சேற்றின் கோடு! இருக்கையடியில் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் வடசென்னை மறக்கவில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி நிற்பதை இப்பகுதி மக்கள் எத்தனை மழைக்காலங்களில் கண்டிருக்கின்றனர்! நீரில் மூழ்கிய வண்டியைக் கழுவி, வண்ணம் பூசி, வாசனை தெளித்துவிடலாம். ஆனால் கம்பிகளுக்குள் புகுந்த ஈரம் ஒருநாள் தன் வேலையைக் காட்டும். விற்பவர் அதுபற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. "இப்படியும் ஏமாற்றுவார்களா!" என்று வெகுண்டார் குடும்பத்தலைவர்.

தேநீர்க் கடையில் அமர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. சற்று நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாமி, எங்கள் ஆம்னியும் அந்த வெள்ளத்தில் நின்றதுதான். என்ஜினைச் சரிசெய்துவிட்டோம். ஆனாலும் மழை பெய்தால் நடுவழியில் நின்றுவிடும். நாளை அதை வாங்க ஒருவர் வருகிறார். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை."

குருமடத்தில் பயின்ற ஒரு பாடம் நம் நினைவுக்கு வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் பெருந்தொகுப்பில், விற்பவன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்னும் கேள்வியை எழுப்புகிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது கண்கூடு. அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும், பறைசாற்றத் தேவையில்லை. ஆனால் வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. குதிரைக்கு விதித்தது ஆம்னிக்கும் பொருந்தும். கீறிய கதவு ஒற்றைக்கண் போன்றது, எவரும் காண்பர். மழையில் நின்றுபோகும் என்ஜினை எவர் காண்பர்? இதைச் சொன்னோம். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவர் தேநீரை முடித்துவிட்டு, "பணம் குறையும் சாமி" என்றார். "குறையும்" என்றோம் நாமும்.

மறுநாள் அவர் வாங்க வந்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வந்தவர் சிறிது திகைத்தார். பிறகு கம்பிகளை மாற்ற ஆகும் செலவைக் கணக்கிட்டு, இருபதாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டு வாங்கிச் சென்றார். அதனால் இவர்களுடைய தேர்வும் சுருங்கியது. மகன் விரும்பியது எர்டிகா. 2012-ஆம் ஆண்டு முதல் வரும் அவ்வண்டி குடும்பங்களுக்கு உகந்ததே, என்ஜினும் பெரியது. ஆனால் கையிலிருந்த தொகைக்குள் நல்ல நிலையில் அது அமையவில்லை. ஈக்கோவையும் பார்த்தனர். இடம் தாராளம், சறுக்குக் கதவு முதியோருக்கு வசதி. எனினும் பழைய ஈக்கோக்களில் பவர் ஸ்டீயரிங் இல்லாமையால், சிகிச்சை நாள்களில் வண்டி ஓட்டவேண்டிய மனைவி தயங்கினார்.

ஒரு வாரம் சென்றபின் வியாசர்பாடியில் ஓர் ஆசிரியர் தம் 2020-ஆம் ஆண்டு ரெனோ டிரைபரை விற்பதாக அறிந்து சென்றோம். நம் ஒரகடத்தில் உருவான வண்டி. நீளம் 4 மீட்டருக்கும் குறைவு. நம் சந்துகளில் நுழையும். ஏழு பேர் அமர்ந்தால் பின்னால் 84 லிட்டர் இடமே உண்டு. ஒரு பைக்கு மேல் கொள்ளாது. ஆனால் அதன் கடைசி வரிசை இருக்கைகளைத் தனித்தனியே கழற்றிவிடலாம். இரண்டையும் எடுத்தால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். இவர்கள் ஒன்றை மட்டும் எடுத்தனர். முன்னே இருவர், நடுவே மூவர், பின்னே பேரன். கழற்றிய இருக்கையின் இடத்தில் பாட்டியின் நாற்காலி! கதவு மெல்ல மூடிக்கொண்டது. அதன் என்ஜின் சிறியது. ஆறு பேரோடு மேம்பாலம் ஏறும்போது சற்று மூச்சு வாங்கும். நகர ஓட்டத்துக்கு அது போதும். ஆசிரியர் நாம் கேளாமலே, "கிளட்ச் தேய்ந்திருக்கிறது, விரைவில் மாற்ற வேண்டும், அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். குடும்பத்தலைவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் ஒன்று கூறுவோம். பணம் கைமாறுவதோடு வண்டி கைமாறிவிடுவதில்லை. படிவம் 29, 30 ஆகியவற்றில் இரு தரப்பாரும் கையெழுத்திட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35 வேண்டும். காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் புதிய பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் நன்று. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாவார் என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, விற்பவரும் பெயர் மாறும்வரை ஓயலாகாது.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் வண்டியை மந்திரிக்கக் கொண்டு வந்தனர். எண்ணூரில் 1949-ல் ஆஸ்டின் ஏ40 கார்கள் பூட்டப்பட்ட நாளில், கார் என்பது செல்வருக்குரியது. இன்று துறைமுகத் தொழிலாளி ஒருவரின் தாய் மருத்துவமனைக்கு மானத்தோடு சென்றுவர ஒரு வண்டி வாய்த்திருக்கிறது. தீர்த்தம் தெளித்தபின் பாட்டியிடம், "வண்டி பிடித்திருக்கிறதா, அம்மா?" என்று கேட்டோம். "நாற்காலிக்கு இடம் இருக்கிறது, சாமி. இனி என்னை விட்டுவிட்டு எவரும் வேளாங்கண்ணிக்குப் போக முடியாது" என்றார்.

அன்பு வாசகரே! பழைய வண்டி வாங்கப் புறப்படுமுன் உம் இல்லத்தாரை எண்ணுங்கள். அவர்களுள் மிகவும் நலிந்தவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து பாருங்கள். விற்கும்போதோ, வாங்குபவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டென்பதை நினைவில் வையுங்கள்.