மலைக்கு மூன்று நாள்

கடந்த இரண்டு வாரங்களாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கொப்பித்தாள் கிடக்கிறது. அதன் தலைப்பில் ‘நுவரெலியா - மூன்று நாள்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். செய்தியாளனாக முப்பது வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு எந்தக் காரியத்தையும் தாளில் எழுதினால்தான் அது நடக்கும் என்றொரு மூடநம்பிக்கை உண்டு.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது ரொறொன்ரோவில் இருக்கும் நண்பன் வாய்விட்டுச் சிரித்தான். “மச்சான், இஞ்ச மைனஸ் இருபதில சனம் வேலைக்குப் போகுது. நீ பத்துப் பாகைக் குளிருக்குப் பட்டியல் போடுறாய்” என்றான். அவன் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, மாரிகாலம்தான் உண்டு. நவம்பர் பிறந்தால் வடகீழ்ப் பருவக்காற்று கொட்டியாரக்குடாவைக் கலக்கி அடிக்கும். மீனவர்கள் வள்ளங்களைக் கரையில் இழுத்து வைப்பார்கள். துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாது. அந்த ஈரத்தையே நாங்கள் குளிர் என்று சொல்லிக்கொள்கிறோம்.

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் தாளில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு மேலும் 77 கிலோமீற்றர். கடல்மட்டத்திலிருந்து புறப்படும் நாங்கள் ஒரே பகலில் 1868 மீற்றர் உயரத்துக்கு ஏறிவிடுவோம். நகரின் தலைமாட்டில் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2524 மீற்றரில் நிற்கிறது. ஏப்ரல் மாதத்தில் அங்கே ‘சீசன்’. கால் வைக்க இடம் இராது. ஜனவரியில் கூட்டம் குறைவு. ஆனால் இரவுகள் கடுமையானவை. சில விடியல்களில் புல்வெளியிலும் மரக்கறித் தோட்டங்களிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எனவே கம்பளிச் சட்டை, காலுறை, காதை மூடும் தொப்பி ஆகியவை பட்டியலின் முதல் வரிசையில் இருக்கின்றன.

பார்க்க வேண்டிய இடங்களுக்கும் குறைவில்லை. ஆங்கிலத் தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட ஏரி. சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காக 1861இல் தொடங்கப்பட்டுப் பின்னர் பூங்காவாகிய ஹக்கல. அதற்குச் சற்று முன்பாகச் சீதை அம்மன் கோயில். பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் நண்பர்களோடு ஒருமுறை போய் இவற்றையெல்லாம் பார்த்திருக்கிறேன். எனக்கு இவை புதியவை அல்ல.

இந்தப் பயணம் எனக்கானதும் அல்ல. என் மனைவிக்கானது.

அவர் நுவரெலியாவுக்கும் இராகலைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1971இல் பிறந்தவர். 1977 ஓகஸ்ட் வன்செயல் தோட்டங்களுக்கும் பரவியபோது, தப்பியோடிய பல்லாயிரம் மலையகக் குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. சிலர் வவுனியாவுக்குப் போனார்கள், சிலர் கிளிநொச்சிக்குப் போனார்கள். இவர்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு ஆறு வயது. அதன் பிறகு இன்றுவரை அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

போக முடியாத காலங்கள் இருந்தன. யுத்த காலத்தில் இங்கிருந்து கண்டிக்குப் போவதென்றால் முதலில் பார்ப்பது பஸ் நேரத்தை அல்ல, எத்தனை சோதனைச் சாவடி என்பதைத்தான். அடையாள அட்டையில் பிறந்த இடம் ஒன்றாகவும் வசிக்கும் இடம் வேறொன்றாகவும் இருந்தால் இரண்டு கேள்வி கூடுதலாக வரும். ஆனால் போகக்கூடிய காலங்களிலும் நாங்கள் போகவில்லை. என் மாமி உயிரோடு இருந்தவரை, “அந்தப் பக்கம் என்னத்துக்கு?” என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

ஒரே ஒரு தடவை துணிந்தோம். 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் பின் பாதைகள் திறந்திருந்த காலம். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையில், 2004 டிசம்பர் 27ஆம் திகதி புறப்படுவதாக ஏற்பாடு. பைகள் கட்டி வைத்தாயிற்று. 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு மேட்டுநிலத்தில் இருந்ததால் நாங்கள் தப்பினோம். அன்று மாலை, குளிருக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளிச் சட்டைகளையும் போர்வைகளையும் மனைவி ஒரு பாடசாலையில் தங்கியிருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு 2006இல் மீண்டும் யுத்தம். அதன் பிறகு பிள்ளைகளின் படிப்பு, மாமியின் நோய், 2011இல் அவருடைய மறைவு. ஆண்டுகள் இப்படித்தான் போகின்றன.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மலையக மக்களைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதை எழுதினேன். 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்க்கலாம் என்று மனிதரைப் பங்கு போட்டதை எழுதினேன். எஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும் எழுதினேன். அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் என் மாமிக்கே பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. அதைச் செய்தியாகவும் எழுதினேன். ஆனால், தேதிகளும் தொகைகளும் தலைகீழ்ப் பாடமாயிருந்த நான், “நீ பிறந்த லயன் எப்படி இருந்தது?” என்று என் மனைவியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்தவன் வீட்டுக்குள் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

கேட்க வைத்தது இந்தத் தாள்தான். போன வருடம், மகள் வேலைக்குப் போய் வாங்கிய முதற் சம்பளத்தில், “அம்மாவை அவவின்ர ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா” என்று பணத்தை மேசையில் வைத்தாள். 2025 டிசம்பர் மூன்றாம் வாரம் என்று நாள் குறித்தோம். போகும் இடம் என்று எழுதத் தொடங்கியபோதுதான் தோட்டத்தின் பெயரே தெரியாது என்பது தெரிந்தது. மனைவிக்குத் தெரிந்தது அங்குள்ள மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர். மலையகத்துத் தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் அழைக்கும் பெயர் வேறொன்று. எந்த வரைபடத்திலும் அந்தத் தமிழ்ப் பெயர் இல்லை.

மாமியின் தகரப் பெட்டியைத் திறந்தோம். பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கு அடியில், பொலித்தீன் உறையில், மனைவியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. 1977இல் உடுத்த துணியோடு ஓடி வந்தவர்கள் இந்தத் தாளை மட்டும் விடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் மங்கலாகத் தெரிந்தது. நுவரெலியாவில் இருக்கும் பத்திரிகை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “தெரியும் அண்ணன். அதிலே மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு இருக்கு. எது?” என்று கேட்டார்.

மனைவியிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். “டிவிசன் தெரியாது. லயத்துக்குக் கீழ ஒரு பீலி இருந்தது” என்றார்.

பீலி என்பது மலையோடையின் நீரை மூங்கிலாலோ குழாயாலோ திருப்பி விழச்செய்யும் இடம். குளிப்பதும், துவைப்பதும், குடிநீர் எடுப்பதும், ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். விடிய இருட்டோடு தாய் அவரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிடுவாராம். பல் கிட்டி, அழக்கூட வராதாம். ஐம்பதாண்டு காலக் கடற்கரை வாழ்க்கை அந்தக் குளிரை அழிக்கவில்லை. அவர் அதைச் சொல்லும்போது தம் கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது.

நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த அனர்த்தத்தைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். புயல் கரையேறியது கிழக்கில். ஆனால் அதன் மழை மலையில் பெய்து மண்சரிவுகளாய் இறங்கியது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் அதிகமானோர் புதையுண்டார்கள். நுவரெலியாவுக்குச் செல்லும் பாதைகள் அடைபட்டன. கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போகலாம் என்று தாளில் எழுதியிருந்தேன். அந்த மலையகப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. இங்கே எங்கள் மாவட்டத்தில் மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக்குடாவில்தான் கடலைச் சேர்கிறது. பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால், வெள்ளம் வடிந்த பிறகு ஒருநாள் மூதூர்ப் பக்கம் செய்திக்குப் போனபோது மனைவியும் உடன் வந்தார். குடா முழுவதும் செம்மண் நிறம். மரக்கொப்புகளும் வேர்க்கட்டைகளும் மிதந்தன. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “இது எங்கட பக்கத்து மண்ணாகவும் இருக்கலாம், என்ன?” என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். இராகலைப் பக்கத்து ஓடைகளும் கடைசியில் மகாவலியில்தான் கலக்கின்றன. நாற்பத்தெட்டு ஆண்டுகளாக அந்தப் பீலித் தண்ணீர் இவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

நுவரெலியா நண்பரோடு ஐந்து நாட்களுக்குப் பிறகே தொடர்பு கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் உயிரிழப்பு இல்லை. ஆனால் மேல் டிவிசனில் ஒரு லயன் வரிசைக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததால் அங்கிருந்தவர்களை எழுப்பிப் பாடசாலையில் தங்கவைத்திருந்தார்கள். பயணம் நின்றது. மகள் வைத்த பணத்தில் ஒரு பகுதியை மனைவி நண்பருக்கு அனுப்பச் சொன்னார். யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் அதில் பிள்ளைகளுக்குப் பாய்களும் போர்வைகளும் வாங்கிக் கொடுத்தார். இருபத்தோராண்டு இடைவெளியில் இரண்டாவது தடவையாக எங்கள் பயணத்தின் போர்வைகள் பாடசாலைக்குப் போயின.

இப்போது மீண்டும் தாள் மேசைக்கு வந்திருக்கிறது. வரப்போகும் ஜனவரிக்கு. இம்முறை ரயிலை எழுதவில்லை; வான் ஒன்றை ஒழுங்கு செய்திருக்கிறோம். மழை எச்சரிக்கை இருந்தால், புறப்படும் நாள் காலையாக இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். முதல் நாள் பயணம், மூன்றாம் நாள் திரும்புதல். நடுவில் உள்ள ஒரு நாளில் ஏரியையும் பூங்காவையும் அடித்துவிட்டேன். அந்த நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. மேல் டிவிசனா கீழ் டிவிசனா என்று அங்கே போய்த்தான் தெரியவேண்டும். லயன் இருக்குமா, அங்கே அவரை அறிந்த ஒருவராவது இருப்பாரா, எதுவும் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் போகலாம். அதற்கும் அவர் ஆயத்தமாக இருக்கிறார். என்னைவிட அதிகம் ஆயத்தமாக.

“போய் நிண்டு பாத்தால் போதும். நான் இஞ்ச பிறந்தனான் எண்டு நீங்கள் ஒருத்தரிட்டயும் சொல்லக்கூடாது. பேட்டியும் எடுக்கக்கூடாது” என்று எனக்கு நிபந்தனை விதித்திருக்கிறார். சம்மதித்திருக்கிறேன். பேனையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாசகர்கள் பயணக்கட்டுரை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நேற்று மாலை தாளை எடுத்துப் பார்த்தேன். பட்டியலின் அடியில் மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘கருவாடு - 2 கிலோ’.

“இது ஆருக்கு?” என்று கேட்டேன்.

அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“இருக்கிறவைக்கு.”