ஒரு நொடிக்கு எத்தனை படம்?

அசையாத படங்களை அடுத்தடுத்து விரைவாகக் காட்டினால், அவை அசைவதாகவே கண் நம்பிவிடுகிறது. அந்த மயக்கத்தில் பிறந்ததே திரைப்படக் கலை. ஆனால், நொடிக்கு எத்தனை படம் என்பதில் உலகம் ஒன்றுபடவில்லை. திரைப்படத்திற்கு 24, மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும் நம் நாட்டில் தொலைக்காட்சிக்கு 25, அமெரிக்காவில் 30 ஆக இருந்தது, 1953-இல் வண்ண ஒளிபரப்புக்கென வகுத்த முறையில் 29.97 ஆயிற்று. இந்த வேறுபாட்டை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. பாட்டியின் குரலில் அறிந்தேன்.

சென்ற ஆண்டு பாட்டி மறைந்தார். முதலாண்டு நினைவு நாளில் உறவினருக்குக் காட்ட ஒரு சிறு படம் தொகுக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார். அம்மாவின் திருமண வீடியோ கேசட்டில் பாட்டி ஒரு நிமிடம் ஊஞ்சல் பாட்டுப் பாடுகிறார். அதைக் கணிப்பொறிக்கு மாற்றினேன். நொடிக்கு 25 படம். வீட்டையும் உறவினரையும் கைப்பேசியில் நான் எடுத்தவையோ 30. எல்லாம் ஒரே எண்ணாக இருக்கட்டும் என்று, கேசட் காட்சியையும் 30 என்றே கொள்ளுமாறு மென்பொருளுக்குக் கட்டளையிட்டேன். வேலை எளிதில் முடிந்ததென்று பூரித்தேன்.

அம்மா கேட்டார். முகம் வாடியது. "இது எங்கம்மா குரல் இல்லையேடா" என்றார்.

உண்மைதான்! 60 நொடியில் ஓடவேண்டிய 1,500 படங்கள் 50 நொடியில் ஓடிவிட்டன. ஒலியும் உடன் விரைந்து, கனத்த குரல் கீச்சுக்குரலாகிவிட்டது. பழைய ஊமைப்படங்களில் மனிதர் துள்ளித் துள்ளி நடப்பதும் பெரும்பாலும் இதனால்தான். மெதுவாக எடுத்ததை விரைவாக ஓட்டிய குற்றம்.

மறுபடி தொடங்கினேன். தொகுப்பின் அளவை முதலிலேயே 25 என வைத்தேன். கைப்பேசிக் காட்சிகளின் வேகம் இடையிடையே ஏறி இறங்குவதால், அவற்றை முதலில் சீரான 30-க்கு மாற்றிக்கொண்டேன். பின்னர் ஆறு படத்துக்கு ஒன்றாக மென்பொருள் விலக்கியது. ஓடும் நேரம் மாறவில்லை. கையசைவில் மட்டும் சிறு தடுமாற்றம் தெரிந்தது. தெரியட்டும்! வீட்டை நாளையும் படம் எடுக்கலாம். பாட்டியை இனி எடுக்க முடியுமா? இரண்டு வேகங்கள் ஒத்துப்போக வேண்டுமானால் ஒன்று விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எது விட்டுக்கொடுப்பது என்பதைத்தான் நான் தலைகீழாகத் தீர்மானித்திருந்தேன்.

அம்மா மீண்டும் கேட்டார். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் அடியில் தாமும் சேர்ந்து பாடத் தொடங்கினார்.