செவலையின் சர்க்கரை

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று நாளாகவே எங்கள் பூனை செவலை சரியில்லை. பசியோடு ஓடிவருகிறான், தட்டை முகர்கிறான், இரண்டு வாய் கடிக்கிறான், தலையை ஒருக்களித்து அப்படியே துப்பிவிட்டுப் போய்விடுகிறான். வாயோரம் எச்சில் ஒழுகிக் காய்ந்திருக்கிறது. ஒன்பது வயது ஆகிறது, இப்படி ஒருநாளும் செய்ததில்லை.

பெரம்பூரிலிருந்து ஆட்டோ. கூடைக்குள்ளிருந்து வழிநெடுகக் கத்தினான். கிளினிக்கில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், எதிரே ஒரு லாப்ரடார் குரைத்துக்கொண்டே இருந்தது. உள்ளே இரண்டு பேர் சேர்ந்து பிடரியை அமுக்கிப் பிடித்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். அவன் நெஞ்சு அடித்துக்கொண்டதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தேன்.

சர்க்கரை 286. போன வருஷம் 5.8 கிலோ இருந்தவன் இப்போது 5.2.

"டயபடிஸ் மேடம். ஆண் பூனை, கருத்தடை பண்ணினது, வயசு, உடம்பு, எல்லாம் பொருந்துது. காலை ரெண்டு யூனிட், ராத்திரி ரெண்டு யூனிட் இன்சுலின். இனிமே ஆயுசுக்கும் போடணும்."

"சார், வாய்ல ஏதோ வலிக்கிற மாதிரி தெரியுது..."

"சர்க்கரை இருந்தா வாயும் கெடும். முதல்ல இதைக் கட்டுப்படுத்துவோம்."

வாயைத் திறந்து பார்க்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை பற்றிப் பேச்சே வரவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரரும் சர்க்கரைக்காரர்தான், பதினொரு வருஷமாக அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். தெரிந்த நோய் என்பதால் கேள்வி எழவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஊசி போடப் பழகிவிட்டேன். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்தால் அவனுக்குத் தெரிவதே இல்லை. காலை ஏழரை, இரவு ஏழரை. நாங்கள் எங்கும் தங்கப் போக முடியாது இனி. அதுகூடப் பரவாயில்லை.

இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. மீனை மசித்துக் கொடுத்தால் நக்குகிறான்.

ஒன்று உறுத்துகிறது. இவருக்கு முதன்முதலில் சர்க்கரை வந்தபோது ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். செவலையின் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும்போல்தான் குறைகிறது. மண் தட்டைக் கிளறிச் சுத்தம் செய்பவள் நான்தான். ஒரு நாளைக்கு மூன்று சிறுநீர்க் கட்டி, ஒன்று கூடவோ குறையவோ இல்லை. சர்க்கரை வந்த பூனை மெலியும், ஆனால் பேய்ப்பசியோடு தின்றுகொண்டே மெலியும் என்று எங்கோ படித்திருக்கிறேன். இவன் தின்ன முடியாமல் மெலிகிறான்.

போன் பண்ணிக் கேட்கலாமா என்று நினைத்தேன். படித்தவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி, அதிகாலை நாலரை

கை இன்னும் நடுங்குகிறது. எழுதினால் அடங்கும்.

நேற்று இரவு மீனைக்கூடத் தொடவில்லை. ஏழரை அடித்தது, ஊசியைப் போட்டுவிட்டேன். சாப்பிடாத பூனைக்கு முழு அளவு இன்சுலின் போடக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இவர் சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சத்தம் போடுகிறவள், பூனை விஷயத்தில் அதை யோசிக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஏதோ விழும் சத்தம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பின்னங்கால் விலகிக் கிடந்தான். எழுந்தான், குடித்தவன்போல் தள்ளாடினான், மறுபடி விழுந்தான். கண் விரிந்து கருமணி மட்டும் தெரிந்தது. முகம் வெட்டி வெட்டி இழுத்தது.

"ஏங்க, எழுந்திருங்க!"

அவர்தான் சுதாரித்தார். "லோ சுகர்ம்மா இது. தேன் எடு." விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினேன். ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குப் போய்விடும் என்று அவர் கையைப் பிடித்தார். அவருடைய மீட்டரில் பார்த்தபோது 38.

இரவில் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சின்ன வயது டாக்டரம்மா. "மனுஷங்க மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், இருந்தாலும் இது ரொம்பக் கம்மி. எதை வச்சு சர்க்கரைன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. "இன்சுலின் நிறுத்திடுங்க. இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மடியில் படுத்திருக்கிறான். முதுகில் கைவைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேப்பேரி. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. எங்கள் தாத்தா வண்டிமாட்டை ஓட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரி. கன்றுக்குட்டி, ஆடு, கிளி, நாய் என்று கூட்டம். வரிசையில் நின்றோம். இம்முறை கூடைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தேன்.

இந்த டாக்டர் மீட்டரைத் தொடவில்லை. "என்னம்மா பண்றான் வீட்ல? சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர்க் கிண்ணம், மூன்று கட்டி, ஒருக்களித்துக் கடிப்பது, துப்புவது, எல்லாம் சொன்னேன். ஏழு நாளாக என்னிடமே இருந்த விஷயங்கள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

பிறகு செவலையின் உதட்டைத் தூக்கினார். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பக்கம் ஒரு பல், ஈறு சிவந்து பல்மேல் ஏறியிருந்தது. பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொட்டார். தாடை கடகடவென்று ஆடியது, குளிரில் பல் அடிப்பதுபோல.

"பல் கரையுது. பூனைக்கு இது ரொம்ப சகஜம். வேர் பக்கத்துலேர்ந்து உடம்பே பல்லைத் தின்னுடும். சொத்தை மாதிரி இல்ல, ஆனா வலி உயிர் போகும்."

சர்க்கரை பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பூனை பயந்தால் அட்ரினலின் ஏறும், கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். ஓடவோ சண்டைபோடவோ உடம்பு தயாராவது அது. எல்லா உயிருக்கும் உண்டு என்றாலும் பூனைக்கு ரொம்ப அதிகம். நோயே இல்லாத பூனைகூட ஆஸ்பத்திரி மேசையில் 300-ஐத் தாண்டலாம். வலி இருந்தால் இன்னும் ஏறும். அதனால்தான் ஒரு தடவை பார்த்த ரத்தச் சர்க்கரையை வைத்துப் பூனைக்கு முடிவு சொல்லக்கூடாது.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள். அவளுக்கு பிரஷர் பார்க்கும்போது பத்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிஷம் செவலைக்குக் கிடைக்கவில்லை.

ஃப்ரக்டோசமின் என்று ஒரு பரிசோதனைக்கு வெளி லேபில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். ரத்தத்தில் உள்ள புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதாம். பூனையில் கடந்த ஒன்றிரண்டு வாரக் கணக்கை அது சொல்லிவிடும். வீட்டுக்காரர் எடுக்கும் மூன்று மாத சர்க்கரைப் பரிசோதனைக்குச் சின்னத் தங்கை. கூடைக்குள் கழிந்த கொஞ்ச நேரப் பயம் அதில் ஏறாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது. முழுக்க இயல்பு அளவுக்குள்.

இன்சுலின் போட்டதால் குறைந்திருக்குமோ என்று கேட்டேன். "நாலு நாள் ஊசியில அவ்வளவு இறங்காதும்மா. நிஜமா டயபடிஸ் இருந்திருந்தா போன வாரத்துச் சர்க்கரை இதுல தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வீட்டிலும் பார்த்தாயிற்று. தட்டிலிருந்த மண்ணை எடுத்துவிட்டு, மீன் தொட்டிக் கூழாங்கல்லைக் கழுவிப் போட்டேன். கல் சிறுநீரைக் குடிக்காது. ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி ஸ்ட்ரிப்பை நனைத்தேன். மூன்று நாளும் சர்க்கரை இல்லை. காது ஓரத்து நரம்பில் குத்தி எடுத்ததில் 94, 107, 88. தூங்கிக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன், காதை மட்டும் ஆட்டினான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பல்லை எடுத்தாயிற்று. மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்ததில் பக்கத்துப் பல்லும் கரைந்திருந்தது, இரண்டும் போயிற்று. சாயங்காலமே மசித்த கோழியைத் தின்றான். இரண்டு வாரத்துக்கு மேலாக நான் பார்க்காத வேகம்.

ஆகஸ்ட் 23, சனி

பில்களையெல்லாம் மேசையில் பரப்பினேன். இன்சுலின், சிரிஞ்சு, முதல் பரிசோதனை, நடுராத்திரி குளுக்கோஸ், அந்த இரவின் ஆட்டோ. பணத்தை எண்ணும்போது கோபம் வரவில்லை. பீரோவுக்குப் பின்னால் கிடந்தவனை நினைத்தால்தான் வருகிறது.

தம்பி போனில், "அக்கா, விடாதே, கேஸ் போடு" என்கிறான். இரண்டு நாளாகத் தேடிப் படித்தேன். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி மாநிலக் கவுன்சில் இருக்கிறது, மருத்துவரின் நடத்தை பற்றி அங்கே எழுதலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம்கூட இல்லை. ஆனால் கணிப்பில் தவறுவதும் கவனமின்மையும் ஒன்றல்ல என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது மனித வைத்தியம் பற்றிய வழக்கு. இருந்தாலும் அந்தக் கோட்டை நானும் பார்க்கவேண்டியிருக்கிறது.

286-ஐப் பார்த்துச் சந்தேகப்பட்டது தவறில்லை. அந்த முதல் டாக்டர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் சரியானவை, நடுவயது தாண்டிய கருத்தடை செய்த ஆண் பூனைக்கு இந்த நோய் அதிகம் வரும். சந்தேகத்தைச் சோதிக்க ஒரு ஸ்ட்ரிப் போதும், கூட ஒரு கேள்வி போதும். அதைச் செய்யாமல் ஆயுசுக்கும் ஊசி என்றதும், சாப்பிடாவிட்டால் போடாதே என்று சொல்லி அனுப்பாததும்தான் என் மனத்தில் ஆறவில்லை.

முதலில் அவரிடமே போகிறேன். புகாரா இல்லையா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்வேன். இவரும் அதுதான் சரி என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மதியம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். லேப் ரிப்போர்ட், எக்ஸ்ரே நகல், அந்த இரவின் சீட்டு, தேதிவாரியாக நான் எழுதிய ஒரு பக்கக் கடிதம். செவலையின் கேஸ் ஷீட் நகலும் வேண்டும் என்று கேட்டேன்.

படித்தார். "அந்த ரீடிங்கைப் பார்த்தா யாரும் அப்படித்தான் மேடம் சொல்லுவாங்க" என்றார் முதலில்.

"சார், யூரின் பார்த்தீங்களா?"

பதில் இல்லை. மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். செவலை பீரோ இடுக்கில் கிடந்ததைச் சொன்னேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று சொல்லி முடித்தேன். சாப்பிடாட்டி போடாதீங்கன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா அந்த ராத்திரி வந்திருக்காது சார் என்றேன்.

ரொம்ப நேரம் கழித்து, "வாயைப் பார்த்திருக்கணும்" என்றார். "அன்னைக்கு வெளியே பதினாலு பேர் இருந்தாங்க. அது காரணம் ஆகாது." எழுந்து போய் அவரே நகல் எடுத்துவந்து கொடுத்தார். ஃப்ரக்டோசமின் ரிப்போர்ட்டைத் தன் ஃபைலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். இன்சுலின் பில் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டேன். புகார் எழுதப்போவதில்லை. இன்சுலின் கொடுத்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் லோ சுகர் அடையாளங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். செய்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த மாதம் போய்ப் பார்ப்பேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேப்பேரியில் ஈறு ஆறியதைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். சுத்தமாக ஆறியிருக்கிறது. துண்டு போட்டும் இன்று கூடைக்குள் கத்தினான், வாசலில் நின்ற மாடு அவனை ரொம்பப் பயமுறுத்திவிட்டது. டாக்டரிடம் நானே கேட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொன்னேன். 251.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்து விட்டுவிட்டேன். ஜன்னல் திண்டில் ஏறி வெயிலில் படுத்தான். நாலு மணி நேரம் கழித்துத் தூக்கத்திலேயே காதில் குத்தினேன். 97.

இரண்டையும் அவனுடைய கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், தேதியும் மணியும் போட்டு, அடுத்தடுத்து எழுதிவைத்தேன்.