கசிவும் பெருக்கும்

ஒரு பணியைப் பலர் பகிர்ந்து செய்தால் அது விரைவில் முடியும் என்பர். கணினியியலில் இணைநிலைக் கணிப்பு இந்நம்பிக்கையின் மீதே எழுந்தது. ஆயினும், ஒருவர் முடித்ததை அடுத்தவர் ஏற்கும்வரை எங்கே வைப்பது என்னும் வினாவும் உடன் எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காணாத செய்நிரலொன்றைச் சீராக்கும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது.

மழைவீழ்ச்சித் தரவுகளைப் படித்தல் அதில் ஓர் இழையின் வேலை; அவற்றைக் கொண்டு கணித்தல் வேறு 4 இழைகளின் வேலை. தொடக்கத்தில் 2 கிகாபைற் நினைவகத்துடன் இயங்கிய அச்செய்நிரல், 3 மணி நேரத்தில் 60 கிகாபைற்றை விழுங்கியது. அக்கணினியோ பலருக்கும் பொதுவானது. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் இயங்குதளம் ஏதேனுமொரு செய்நிரலை வலிந்து நிறுத்தும். அது பிறரொருவரின் பலநாட் கணிப்பாகவும் இருக்கலாம்.

இத்தகைய வளர்ச்சியைக் கண்டவுடன் 'நினைவகக் கசிவு' எனப் பெயரிடுதல் வழக்கம். பெற்ற நினைவகத்தைத் திருப்பியளிக்க மறத்தலே கசிவு. வல்கிரின்ட் என்னும் கருவியினாற் சோதித்தேன்; பெற்றவை யாவும் இறுதியில் விடுவிக்கப்பட்டிருந்தன. அன்றியும், அக்கருவி ஒரு நேரத்தில் ஓரிழையையே இயங்கவிடுமாதலால், இழைகளின் இயல்பான வேக வேறுபாடு அங்கே வெளிப்படவில்லை.

பின்னர், இழைகளுக்கிடையே வரிசையிற் காத்திருந்த தரவுத் துண்டுகளின் எண்ணிக்கையை நிமிடந்தோறும் குறித்து வந்தேன். நினைவகத்தோடு அவ்வரிசையும் ஒருசேர வளர்ந்தது. கணிக்கும் இழைகளை 8 ஆக்கியபோது வளர்ச்சி தளர்ந்தது, நிற்கவில்லை. உண்மை புலனாயிற்று. குளக்கட்டில் வெடிப்பேதும் இல்லை; துரிசு வழியே செல்லும் போக்கினை வரத்து மிஞ்சியிருந்தது.

பரிகாரம் புதியதன்று. வரிசைக்கு எல்லை வகுத்து, அது நிரம்பியதும் தருபவரைக் காத்திருக்கச் செய்யும் முறையை டைக்ஸ்ட்ரா 1965இலேயே விளக்கியுள்ளார். 1000 துண்டுகள் என எல்லையிட்டேன்; நினைவகம் 3 கிகாபைற்றில் நிலைத்தது. சிறிய தரவுத்தொகுதியொன்றில் ஒப்பிட்டபோது, செய்நிரல் முடிய எடுத்த நேரமும் கூடவில்லை. கணிக்கும் இழைகள் முன்னரும் ஓய்ந்திருந்ததில்லை. படிப்பவர் காட்டிய அவசரத்தால் விளைந்தது குவியல் மட்டுமே.

கசிவு என்னும் பெயர் நம்மை மறதியைத் தேடவைக்கின்றது. இங்கோ எவரும் எதையும் மறக்கவில்லை. காத்திருக்குமாறு ஒருவருக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவே. நினைவகம் பெருகுமிடத்து, எது பெருகுகின்றது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயரைப் பின்னர் இடலாம்.