யாருடைய பேரேடு

1976இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் ராபர்ட் கெல்லி 'பொது வரலாறு' படிப்பைத் தொடங்கினார். அரசுக்கும் கம்பெனிக்கும் வேண்டிய வரலாற்றாசிரியர்களை உருவாக்குவது நோக்கம். அங்கே கூட்டாளி என்றால் பெரும்பாலும் சம்பளம் தருகிறவர். 1960களில் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் ராஃபேல் சாமுவேல் தொடங்கிய பட்டறை வேறு மாதிரி; படிக்கவந்த தொழிலாளிகளே தங்கள் தொழிலின் சரித்திரத்தை எழுதினார்கள். எனக்கு உவப்பானது இதுதான். ஆனால் சொல்லத் தகுதியில்லை.

எங்கள் கிளையின் பழைய நகைக்கடன் பேரேடுகளைக் கழிக்கும் பட்டியலில் கையெழுத்திட்டவன் நான். மழை பொய்த்த வருஷங்களில் எந்தத் தெருவின் தாலி வந்தது, எது மீளவில்லை, எல்லாம் அவற்றில் இருந்தன. விதிப்படிதான் செய்தேன். நாளை ஒரு பல்கலைக்கழகம் வந்து கேட்டிருந்தாலும், ஏடு வங்கியுடையதா, தாலியை வைத்தவளுடையதா? எடைக்குப் போட்ட அன்று புரட்டிய பக்கத்தில் ஒரு இடது பெருவிரல் ரேகை. எதிரே இருந்த பெயர் எங்கள் தெருப் பெயர்.