துணுக்காயில் ஒரு ஹரிக்கேன்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், மாங்குளச் சந்தியில் மேற்குப் புறமாகத் திரும்பி, வன்னிவிளாங்குளம், மல்லாவி ஆகிய ஊர்களைக் கடந்தால் துணுக்காயை அடையலாம். காடும் வயலும் குளமும் மாறிமாறி வரும் பூமி. பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்தின் நீர் இப்பகுதிக்கு உயிர். சிற்றுண்டிச்சாலை தேடும் உல்லாசப் பிரயாணிகளுக்கு இங்கே காண்பதற்கு அதிகமில்லை. நாம் சென்ற காரணமும் உல்லாசமன்று. எம்மிடம் முன்னர் கல்வி கற்ற ஒருவர் அங்கே வயல் செய்கின்றார். அவருடைய மூத்த புதல்வன் ஓர் ஆகாய விமானம் செய்கின்றான் என எழுதியிருந்தார்.

விமானம் என்றதும் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிளாஸ்டிக் மாதிரியுரு அது. உண்மையான ஹரிக்கேன் விமானத்தின் சிறககலம் 40 அடி. அதனை 72இல் ஒரு பங்காகச் சுருக்கியுள்ளனர். வெளிநாட்டிலுள்ள மாமன் அனுப்பிய பெட்டியில் வந்த உறுப்புகளை இளைஞன் அரத்தால் தேய்த்துப் பசையிட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஹரிக்கேன் எம் நாட்டுக்கு அந்நியமானதன்று. சிட்னி காம் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த இவ்விமானம் முதன்முதல் 1935 நவம்பரில் பறந்தது. 1942 மார்ச்சில், இன்டொமிற்றபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்த ஹரிக்கேன்கள் இலங்கையில் வந்திறங்கின. 30ஆம் அணி இரத்மலானையிலும், 261ஆம் அணி திருகோணமலைச் சீனக்குடாவிலும் நிலைகொண்டன. ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றுதான் ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. வவுனியாவிலுள்ள விமான ஓடுபாதையும் அந்த மகாயுத்தத்தின்போது பிரித்தானியர் பயன்படுத்தியதே. வன்னிக் காட்டின் மேலே பறந்த போர்விமானங்களின் கதை 1942 அளவில் தொடங்கிவிட்டது என்பதை இக்காலத்து இளைஞருள் அறிந்தோர் சிலரே.

இளைஞன் தேர்ந்தெடுத்தது சீனக்குடா விமானம். மேற்புறத்தில் மண்ணிறமும் கரும்பச்சையும் பூசியாயிற்று. பின்னர் தொடங்கியது அதனைப் பழையதாக்கும் வேலை. புதியதொரு பொருளைப் பாடுபட்டுச் செய்து, பின்னர் அதனைப் பாடுபட்டு அழுக்காக்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் இதுவே இக்கலையின் நுட்பமான பாகம். கபில நிறத்தை நீர்போலக் கரைத்துத் தகட்டு இணைப்புகளின் கோடுகளிலே ஓடவிட்டு, மேலே தங்கியதைத் துடைத்தெடுக்கின்றனர். சிறு பஞ்சுத் துண்டில் வெள்ளி நிறந் தொட்டு, விமானி காலூன்றி ஏறுகின்ற சிறகின் அடிப்பாகத்தில் ஒற்றினால், வர்ணம் உரிந்து உலோகம் தெரிவது போலாகிறது. எஞ்சினின் இருமருங்கிலுமுள்ள புகைக்குழாய்களுக்குப் பின்னே கரி படிய வேண்டும். அதற்கு அவன் எடுத்தது அம்மம்மாவின் அடுப்புக்கரி!

உடலின் பிற்பகுதியிலும் வெள்ளி நிறத்தை ஒற்றப் போனவனை நாம் தடுத்தோம். ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகடன்று. சட்டத்தின்மீது இழுத்துப் போர்த்த துணி. துணியில் வர்ணம் மங்கும், எண்ணெய்க் கறை படியும், வெள்ளி தெரியாது. சிறகிலுள்ள துப்பாக்கி வாய்களைத் தூசி புகாதபடி சிவப்புத் துணித் துண்டுகளால் ஒட்டி மூடுவது வழக்கம். அவை கிழிந்திருந்தால், அவ்விமானம் சுட்டுவிட்டுத் திரும்பியது என்று பொருள்.

முற்றத்துச் செம்மண்ணைப் பழைய வேட்டித் துணியில் அரித்து, மாவாக்கி, ஒரு சிரட்டை நிறைய வைத்திருந்தான். அத்தனையும் பூசினால் பத்தாண்டு காட்டில் கிடந்த விமானமாகிவிடும். சண்டை நடந்த நாளில் அது இலங்கைக்கு வந்து ஒரு மாதந்தான். “சேர், அப்ப சில்லுகளுக்கு மட்டும் போடுவமோ?” என்றான். சரியான தீர்ப்பு.

இத்தனைக்கும் அம்மம்மா அப்பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. 2008இல் இவ்வூர் மக்கள் வீடுவாசல் துறந்து கிழக்கு நோக்கிப் போனவர்கள். யுத்தம் முடிந்த பின்னரே மீண்டனர். கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் பேரப்பிள்ளைகளைத் தள்ளிய கைகள் அவருடையவை. விமானத்தை நூலிற் கட்டிக் கூரையில் தொங்கவிடப் பேரன் எண்ணியிருந்தான். மாலையில், தேநீர் கொண்டுவந்த கிழவி நின்று பார்த்தார்.

“இதும் குண்டு போடுறதோ, தம்பி?” என்று எம்மைக் கேட்டார்.

“இல்லை அம்மா. அண்டைக்குக் குண்டு போட வந்ததுகளை மறிக்கப் போனது” என்றோம்.

கிழவி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “மறிச்சுதோ?” என்றார். முழுவதும் மறிக்கவில்லை, பல ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. அதனையே சொன்னோம்.

“ராசா, மேலை மட்டும் கட்டாதை. இறங்கி நிக்கிற மாதிரி வை” என்று பேரனிடங் கூறிவிட்டு அவர் உள்ளே போனார்.

பெட்டியில் சில்லுகள் மடங்கிய நிலைக்கும் விரிந்த நிலைக்கும் இருவகை உறுப்புகள் உள்ளன. இளைஞன் மடங்கிய கதவுகளைச் சட்டத்திலேயே விட்டுவிட்டு, கால்களை நேராக ஒட்டினான். பசை காயும்வரை இரண்டு தீப்பெட்டிகள் சிறகுகளைத் தாங்கி நின்றன. அடுத்த நாட் காலை சில்லுகளுக்கு மட்டும், தூரிகை நுனியால், துணுக்காய் மண்ணைத் தொட்டுத் தொட்டு வைத்தான்.