உடம்பின் பாஷை

1980இல் ஆர்தர் க்ளைன்மன் என்ற அமெரிக்க மனநோய் மருத்துவர், சீனாவின் சாங்ஷா நகரத்தில், நரம்புத் தளர்ச்சி என்று சீட்டு எழுதப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை. தம் நாட்டு அளவுகோலை வைத்துப் பார்த்ததில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு. துக்கத்தையே முதல் உபாதையாகச் சொன்னவர்கள் வெகு சிலர்.

மனசைப் பேசத் தெரியாதவர்கள் உடம்பைப் பேசுகிறார்கள் என்று இதற்குச் சுலபமாக விளக்கம் சொல்லிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. க்ளைன்மனும் அங்கே நின்றுவிடவில்லை. 1966இலிருந்து 1976 வரை நீடித்த கலாசாரப் புரட்சியில், எதிலும் பிடிப்பில்லை என்று ஒருவன் சொன்னால் அதை அரசியல் குற்றமாகப் படிக்க ஆட்கள் இருந்தார்கள். தலைவலியை யாரும் விசாரிக்கமாட்டார்கள். சீனத்தில் 'மென்' என்றொரு சொல் உண்டு. புழுக்கம், மன அடைப்பு இரண்டும் அதுதான். எழுத்தில் ஒரு வாசல், அதற்குள் நெஞ்சு. மனசுக்குச் சொல் இல்லாத பாஷை என்று இதை எப்படிச் சொல்வது?

அன்று நாற்பது வயதானவர்கள் 2011இல் எழுபதைத் தாண்டியிருந்தார்கள். அந்த ஆண்டு பீகிங் பல்கலைக்கழகத்தார், 28 மாகாணங்களில், 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வீடு தேடிப்போய்க் கேட்கத் தொடங்கினார்கள். மனச்சோர்வுக்கென்று 10 கேள்விகள். போன வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். 60 வயது கடந்தவர்களில் 100க்கு 40 பேரிடம் அதன் குறிகள் மிகுந்திருந்தன.

எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது. அந்தப் பத்தையும் என்னிடமே கேட்டுப் பார்த்தேன். தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு உடனே பதில் வந்தது. வருங்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு இருந்தீர்களா என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 1959–61 பஞ்சத்தில் பிழைத்து, பிள்ளைகளை நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிவிட்டுக் கிராமத்தில் பேரனை வளர்க்கும் கிழவி, வருங்காலம் என்பதை யாருடைய காலமாக எடுத்துக்கொள்வாள்? தன்னுடையதை நினைத்து 'இல்லை' என்றால் சோர்வின் கணக்கில் 3 புள்ளி ஏறும். பேரனை நினைத்துக்கொண்டால் ஒன்றும் ஏறாது.

அதற்காக இந்த எண்களை ஒதுக்கிவிட முடியாது. இவை இல்லையென்றால், சீனத்து முதியவர்கள் பிள்ளைகளின் அரவணைப்பில் நிம்மதியாக இருக்கிறார்கள் என்ற பழங்கதைதான் மிஞ்சும். ஆனால் 40 என்று எழுதிக்கொண்டு எழுந்து போகிறவனுக்குக் கிழவி இன்னும் ஒன்றும் சொல்லியாகவில்லை. தலைவலி எப்போதிலிருந்து, அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு அவன் உட்கார்ந்திருக்கவேண்டும்.